மேற்கே பார்த்த சிம்னி

அடுப்பு இழுக்கணும். என் தொழிலை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். டீக்கடை அடுப்போ சாயப்பட்டறை பாய்லரோ, விறகு எரிகிற எதுவும் வாய் வழியாகக் காற்றை உள்ளே இழுத்து, புகையைச் சிம்னி வழியாக மேலே அனுப்ப வேண்டும். இழுப்பு சரியாக இருந்தால் நீராவி தானாக வரும், ஆளுக்கும் ஆபத்தில்லை. இழுக்காத அடுப்பு தள்ளும். தள்ள ஆரம்பித்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் எதிரே நிற்கிற மனுசன் நெஞ்சுக்குள்தான் போய்ச் சேரும்.

அந்த இழுப்பை அளக்கிற வேலை என்னுடையது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்து, கோயமுத்தூரில் ஒரு பாய்லர் கம்பெனியில் சில வருசம் குப்பை கொட்டிவிட்டு, இரண்டாயிரத்துக்குப் பிறகு திருப்பூரில் தனியாகத் தொழில் ஆரம்பித்தேன். ஸ்கூட்டியின் முன்னால் ஒரு மரப்பெட்டி. அதற்குள் என் கேஜ். சாய்வாகப் படுக்க வைத்த ஒரு கண்ணாடிக் குழாய், அதில் கொஞ்சம் சிவப்பு எண்ணெய், பக்கத்தில் மில்லிமீட்டர் கோடுகள். குழாயின் மேல் முனையிலிருந்து ஒரு ரப்பர் டியூபை அடுப்புக்குள் விடுவேன். அடுப்பு இழுத்தால் சிவப்பு மேலே ஏறும். தள்ளினால் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். அவ்வளவுதான் சங்கதி. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். முதலாளிமார்களுக்குத்தான் கொஞ்சம் நேரமாகும்.

புதுசாகப் போகிற பட்டறையில் எல்லாம் முதல் கேள்வி ஒன்றேதான். பெட்டியை நான் இறக்கி வைத்த பிறகும் ரோட்டையே பார்த்துக்கொண்டு, "ஏனுங்க அம்மிணி, ஊட்டுக்காரர் பின்னால வர்றாருங்களா?" என்பார்கள்.

"அவரு எதுக்குங்க? அவருக்கு ஊட்டு அடுப்பே பத்த வைக்கத் தெரியாது" என்பேன். சிரிப்பார்கள். அப்புறம் வேலை முடிகிற வரைக்கும் அந்தப் பேச்சு வராது.

சாமளாபுரத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்னச் சாயப்பட்டறை. அதன் முதலாளி போன் செய்தது ஆடி மாசத்தில். எங்கள் பக்கத்து ஆடிக் காற்றைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து மேற்கேயிருந்து வரும் அந்தக் காற்று, காலையில் சாதுவாக இருக்கும். வெயில் ஏற ஏற அதற்குப் பேய் பிடித்துக்கொள்ளும். மத்தியானத்தில் ஸ்கூட்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டாலும் அது நிற்காது.

முதலாளி போனில் சொன்னது இது: "மத்தியானமானா பிரஷரு ஏறவே மாட்டீங்குதுங்க. சூடு பத்தாம ஷேடு மாறிப் போவுது. பாய்லர்ல ஒண்ணுமில்லீங்க, பாய்லர்காரன்தான் செரியில்ல. தெக்கத்தி ஆளு. குடிச்சுப்போட்டு மத்தியானம் மத்தியானம் கவுந்தடிச்சுக் கெடக்கறான். நீங்க வந்து பாத்து, பாய்லர் நல்லாத்தான் இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. அவனைக் கணக்கு முடிச்சு அனுப்பிப்போடறேன்."

ஆக, என்னைக் கூப்பிட்டது பாய்லரைப் பார்க்க இல்லை. ஓர் ஆளை வெளியே தள்ள ஒரு வார்த்தை வேண்டும், அந்த வார்த்தையை அளந்து சொல்கிற ஆளாக நான் போக வேண்டும். எனக்கு அப்போதே சுருக்கென்றது. இருந்தாலும் போனேன்.

முதலாளி நல்ல மனுசர்தான். தோட்டத்தை விற்று, பட்டறை போட்டு, முன்னுக்கு வந்தவர். பேச்சில் ஒரு கடுமை கிடையாது. திட்டுவதைக்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். "நான் சும்மா சந்தேகத்துல சொல்லலீங்க அம்மிணி. மொதல்ல இல்லவே இல்லைன்னு சாதிச்சான். அப்பறம் அவனே ஒத்துக்கிட்டானுங்க. குடிச்சேன், மன்னிச்சுக்கங்கன்னு வாய்விட்டுச் சொன்னான். நானும் மன்னிச்சேன். மறுக்கா அதேதான். மறுக்காவும் ஒத்துக்கறான். எத்தனை தடவைங்க மன்னிக்கறது?"

பாய்லர்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். முப்பது வயசு இருக்கும். மெலிந்த உடம்பு. முதலாளி இதையெல்லாம் அவர் காதுபடவே சொல்லிக்கொண்டிருக்க, அவர் பாட்டுக்கு விறகை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு மறுப்பு இல்லை, ஒரு முறைப்பு இல்லை. எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. பொய்யென்றால் மறுக்க வேண்டியதுதானே? மெய்யென்றால் வெட்கமாவது வேண்டாமா?

நான் முதலில் புகைக்குழாய்களைத் திறந்து பார்த்தேன். கரி ஒட்டினால் இழுப்பு குறையும். ஆனால் ஒவ்வொரு குழாயும் துடைத்து வைத்த எவர்சில்வர் டம்ளர் மாதிரி இருந்தது. விறகு காய்ந்தது ஒரு பக்கம், ஈரம் ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கியிருந்தது. சாம்பல் அன்றன்றைக்கு அள்ளியிருந்தது. குடிகாரர்கள் பார்த்துக்கொண்ட பாய்லர்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதில் எதுவும் இப்படி இருந்ததில்லை.

நெருப்பு வாய்க்கு மேலே இருந்த சின்னத் துளையில் செப்புக்குழாயை நுழைத்து, ரப்பர் டியூபை மாட்டி, கேஜை மட்டம் பார்த்து வைத்தேன். பெரிய கம்பெனிகளில் மின்விசிறி வைத்துப் புகையை இழுப்பார்கள். இங்கே அதெல்லாம் இல்லை, சிம்னி தானாக இழுக்க வேண்டியதுதான். சிவப்பு சரசரவென்று ஏறி நல்ல இடத்தில் நின்றது. குறை சொல்ல முடியாத இழுப்பு.

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான் சொன்னேனுங்களே. செரீங்க அம்மிணி, ஒரு காப்பி குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க."

"காப்பி குடிக்கறேனுங்க. கெளம்பறது மத்தியானத்துக்கு மேல."

"ஏனுங்க? அதுதான் நல்லா இழுக்குதே?"

"காலையில இழுக்குதுங்க. உங்களுக்குக் காலையிலயா கோளாறு? மத்தியானந்தான் கோளாறுன்னீங்க. மத்தியானம் பாத்துப்போட்டுச் சொல்றேன்."

அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. காய்ச்சல் ராத்திரி வருகிறவனைக் காலையில் தொட்டுப் பார்த்துவிட்டு நல்லாயிருக்கிறாய் என்று அனுப்புகிற வைத்தியம் எனக்குத் தெரியாது.

தண்ணீர் குடிக்கப் பட்டறைக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டுக்குப் போனேன். பாய்லர்காரர் குடும்பம் அங்கேதான் இருந்தது. அவர் மனைவி ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற பெண். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. சேலைத் தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் துணிகளை மடித்துப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கா?" என்று கேட்டேன்.

"அம்மா வீட்டுக்கு. சாயங்காலம் பஸ்ஸு."

"எப்பத் திரும்புவீங்க?"

"திரும்பதுக்கா போறேன்?" என்று சொல்லிவிட்டுத்தான், யாரோ ஒருத்தியிடம் சொல்கிறோமே என்று தோன்றி நிறுத்தினாள். ஆனால் நிறுத்த முடியவில்லை. நெஞ்சு முழுக்க இருந்தது கொட்டிவிட்டது. அவள் அப்பா குடிகாரர். கல்யாணத்துக்கு முன்னால் அவள் போட்ட ஒரே நிபந்தனை, மாப்பிள்ளை குடிக்கக் கூடாது. அவரும் கோயிலில் பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணித்தான் அவளைக் கட்டினார். "இப்பப் பாருங்கக்கா. வேலை முடிஞ்சு வரும்போது கண்ணு சொருகுது, காலு தள்ளாடுது, வாந்தி எடுக்காவ. எங்கப்பாவை இருவது வருசம் பாத்தவ நான். எனக்குத் தெரியாதா?"

"வாடை அடிக்குதா?"

"புகை நாத்தந்தான் அடிக்குது. வாடை இல்லாத எதையோ போடுதாவ. முதல்ல இல்லன்னாவ, நான் நம்பல. பெறகு அவியளே ஒத்துக்கிட்டாவ. சத்தியத்தை மீறிட்டு வாரக்கணக்கா இதே பொழப்பு. நான் எங்கம்மா மாதிரி இருந்து சீரழிய மாட்டேன்."

"தினமுமா இப்படி?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் நல்லாருப்பாவ. கோயிலுக்குப் போற அன்னைக்குக் கர்த்தர் காப்பாத்துதாரு."

நான் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை! ஊரில் உள்ள குடிகாரர் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று காத்துக் கிடக்கையில், இவர் மட்டும் அன்றைக்கு லீவு விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கும் லீவு. சொம்பை வைத்துவிட்டு பாய்லர் ரூமுக்கு நடந்தேன். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அளக்காமல் எதையும் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

வெயில் ஏறியது. காற்று எழுந்தது. தகரக் கூரை தடதடக்க ஆரம்பித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பட்டறை நின்றபோது, பாய்லர்காரர் புது விறகு போடாமல் தணலைப் பரப்பிவிட்டு பாய்லர் ரூம் வாசலின் ஷட்டரை இழுத்து மூடினார்.

"ஏனுங்க மூடறீங்க?"

"சாம்பல் பறக்கும்க்கா. வெளிய ஈரத்துணி கெடக்கு, முதலாளி சத்தம் போடுவாவ" என்றார். பிறகு தூக்குவாளியோடு அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவருடைய வழக்கமான இடமாம் அது. காற்றில்லாத இடம், மண் விழாத சோறு.

நான் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு பெரிய காற்று விசிறியடித்தது. சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஏறும் என்று பார்த்தேன். ஏறவில்லை. இன்னொரு காற்று. பூஜ்யத்துக்கும் கீழே போய், அங்கேயே நின்றுகொண்டது.

அடுப்பு தள்ளிக்கொண்டிருந்தது.

புகை தெரியவில்லை. அதுதான் இதில் உள்ள மோசம். விறகு கொழுந்துவிட்டு எரிகையில் புகை திரும்பினால் கண் எரியும், இருமல் வரும், ஓடிவிடுவோம். தணலாகக் கிடக்கும்போது வருவது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. குளிருக்குக் கரியடுப்பை வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திரிக்காமலே போன கதையெல்லாம் கேட்டிருப்பீர்கள். அதே விஷவாயுதான். தணல் அடங்கிக் கிடக்கிறதென்று நாம் நிம்மதியாக உட்கார்ந்திருப்போம், அது நம்மைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

பாய்லர்காரரைப் பார்த்தேன். சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கை வாய்க்குப் போகவில்லை. என் நெற்றியிலும் யாரோ கயிறு கட்டி இறுக்குகிற மாதிரி இருந்தது.

"எந்திரிங்க. வெளிய வாங்க."

"செத்த நேரம் இருக்கேன்க்கா" என்றார், குழறலாக.

"செத்துத்தான் இருப்பீங்க, எந்திரிங்க!" என்று கத்திவிட்டு, ஷட்டரைத் தூக்கி, ஆளைத் தோளோடு பிடித்து வெளியே இழுத்து வந்தேன். கால் தள்ளாடியது. முற்றத்தில் குனிந்து வாந்தி எடுத்தார். சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார். லைன் வீட்டிலிருந்து அவர் மனைவியும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பாத்தீங்ளா அம்மிணி!" என்றார் முதலாளி. "நீங்க இருக்கறப்பவே குடிச்சிருக்கானுங்க! எத்தனை தைரியம் பாருங்க!"

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "நான் காலையில இருந்து இவருகூடத்தான் உக்காந்திருக்கேன். எனக்கும் தலை சுத்துது. எனக்கும் குமட்டுது. அப்ப நானும் குடிச்சிருக்கேனுங்களா? வாங்க, வந்து எம் வாயை மோந்து பாருங்க!"

அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். "அய்யய்யோ, அப்படிச் சொல்லுவனுங்களா" என்றார்.

"அப்ப மொதல்ல காரை எடுங்க. இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, மூடின ரூம்ல தணல் புகை ஏறிப்போச்சுன்னு சொல்லுங்க. மத்ததை வந்து பேசிக்கலாம்."

நல்ல மனுசர் என்று சொன்னேன் இல்லையா, உடனே போனார். ஆக்சிஜன் வைத்தார்களாம். டாக்டர் முதலாளியைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தாராம். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் ஒரு மத்தியானம் அந்த ஆள் எழுந்திரிக்காமலே கிடந்திருப்பார் என்று சொல்லியிருக்கிறார். முதலாளி திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

அதற்குள் நான் கோளாறைக் கண்டுபிடித்திருந்தேன். கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், அண்ணாந்து பார்த்தால் போதும். சிம்னி நேராக மேலே போய், உச்சியில் ஒரு வளைவு வைத்து, மேற்கே பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஆடிக் காற்றுக்கு நேராக! காற்று அதன் வாய்க்குள் புகுந்து புகையை உள்ளுக்கே அமுக்கியது. விறகு எரிகிற வேகத்தில் புகை எப்படியோ முட்டி மோதி வெளியே போய்விடும். தணலாகும்போது அதற்கு அந்தத் தெம்பு இல்லை, திரும்பிவிடும். மத்தியானம் பிரஷர் ஏறாததற்கும் அதுதான் காரணம்.

"எந்தப் புண்ணியவான் இந்த வளைவை வச்சது?"

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "மச்சானுக்காக வச்சதுங்க."

கிழக்குப் பக்கத்துக் காட்டில் (நிலத்தைத்தான் எங்கள் பக்கம் காடு என்போம்) அவருடைய அக்கா வீட்டுக்காரர் வெளுத்த துணிகளைக் காயப்போடுகிற தொழில் செய்கிறார். தை மாசத்தில் ஒருநாள், "ஏனுங்க மாப்ள, போன ஆடியில உங்க சிம்னி எங்க காட்டையே பாத்துப் புகைஞ்சுதே" என்று மச்சான் சொல்லியிருக்கிறார். அக்கா வாழ்கிற வீடு. மச்சான் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அதற்கு மேல் எங்கள் பக்கத்தில் பேச்சே கிடையாது. அந்த வாரமே வளைவு ஏறிவிட்டது. தை மாசத்தில் காற்று கிழக்கேயிருந்து வீசும். புகை எப்படியும் மேற்கேதான் போகும். வளைவுதான் வேலை செய்கிறது என்று எல்லாரும் சந்தோசப்பட்டிருக்கிறார்கள். ஆடி வந்தது.

"கழட்டிருங்க" என்றேன்.

"எப்படீங்க கழட்டறது? மச்சான் என்ன நெனைப்பாரு? அக்கா மூஞ்சில எப்படி முழிக்கறது? காத்து அடங்கட்டுங்க. ஆடி போனாச் செரியாயிரும்."

"ஆடி போறதுக்குள்ள ஆள் போயிருவாருங்க!"

"அது செரிதானுங்க... ஆனா மச்சான்கிட்ட யாருங்க சொல்றது?"

ஓர் உயிர் போகப் பார்த்திருக்கிறது, இவர் மச்சான் முகம் வாடுமே என்று தவிக்கிறார். தலையில் அடித்துக்கொண்டு, நானே கிழக்குக் காட்டுக்கு நடந்தேன். மச்சான் கம்பீரமான ஆள், முறுக்கிய மீசை. கயிற்றில் பறக்கிற துணிகளுக்கு நடுவே நின்றிருந்தார். அந்த வளைவைப் பற்றி நான் சொன்னதும் மீசை இன்னும் கொஞ்சம் ஏறியது.

"எங்க துணியில கரி விழுந்தா யாருங்க பொறுப்பு?"

"ஏனுங்ணா, இப்பக் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுங்க?"

"எங்க பக்கந்தான்."

"அப்பச் சிம்னி எந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பி வச்சிருந்தா உங்களுக்கென்னங்க? காத்து இந்தப் பக்கம் அடிச்சாப் புகையும் இக்கட்டதான் வரும். நேரா, இன்னும் ஒரு குழாய் ஒசரமா வச்சாத்தான் உங்க துணிக்கு மேலயே தாண்டிப் போகும். என் பேச்சை நம்ப வேண்டாம். வந்து ஒரு நிமிசம் பாருங்க."

பெண்பிள்ளை நேரில் வந்து கூப்பிடுகிறாளே என்ற மரியாதைக்காக வந்தார். பாய்லர் ரூமின் ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டுத்தான் உள்ளே கூட்டிப் போனேன். கேஜைக் காட்டினேன். "என்னவோ பொட்டிக்குள்ள செவப்பா ஆடுது" என்றார் அலட்சியமாக. சரி, இவருக்குக் கேஜ் வேண்டாம். சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அவர் கையிலேயே கொடுத்தேன். நெருப்பு வாய்க்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். நல்ல அடுப்பென்றால் அந்தப் புகை உள்ளே ஓட வேண்டும். அது திரும்பி நேராக அவர் மீசைக்குள் போனது. தும்மினார். கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் மீசைதான்.

வெளியே போய்ச் சிம்னியை அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் முதலாளியிடம் திரும்பினார். "ஏனுங்க மாப்ள, இதை எதுக்கு வச்சீங்க?"

"நீங்கதானுங்களே சொன்னீங்க மச்சான்?"

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னனுங்க! காப்பி குடிச்சுட்டு இருக்கறப்ப வேற பேச்சு ஒண்ணும் இல்லாமச் சொன்னேன். அதுக்குப் போயி வளைவு வைப்பீங்களா? நானே, மாப்ள இத்தனை செலவு பண்ணி வச்சிருக்காரே, எடுக்கச் சொன்னா மனசு சங்கடப்படுவாருன்னு கம்முனு இருந்தனுங்க. ஆடி பொறந்ததுல இருந்து முன்னைக்கு மேல கரி விழுகுது."

அட கடவுளே! இரண்டு பேரும் ஒருத்தர் மனசு ஒருத்தருக்கு நோகக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அந்த மரியாதைக்கு நடுவில் மூச்சு முட்டிக் கிடந்தது மூன்றாவது ஆள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, காலையில் ஃபிட்டரை வரச் சொன்னேன்.

லைன் வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஆனால் முகம் இளகவில்லை. "டாக்டரும் சொன்னாருன்னு முதலாளி சொன்னாவ. எங்கப்பாகூட வயித்துவலின்னு டாக்டர் சீட்டு வச்சிருந்தாருக்கா. நான் எத்தனை சமாதானம் கேட்டவ! புகைன்னா, இவிய எதுக்குக் குடிச்சேன்னு ஒத்துக்கிடணும்?"

எந்தக் கேஜை வைத்து அதை அளப்பது? "இன்னிக்கு பஸ்ஸை விடுங்க. நாளைக்கு மத்தியானம், அதே காத்துல, அதே அடுப்புக்கு முன்னால அவரு நிக்கட்டும். நீங்களே வந்து பாருங்க. அப்பவும் தள்ளாடினா நானே உங்களை பஸ் ஏத்தி விடறேன்" என்றேன். அவள் பையைப் பார்த்தாள், தொட்டிலைப் பார்த்தாள். "நாளைக்கு வரைக்குந்தான்" என்றாள்.

மறுநாள் காற்று எழுவதற்கு முன்னாலேயே ஃபிட்டர் ஏறி வளைவை இறக்கினார். நேர்க்குழாய் ஒன்று கூடுதலாக ஏறியது. மச்சானே கீழே நின்று கயிறு பிடித்தார். அடுப்பைப் பற்ற வைத்தோம். பாய்லர்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். அவரை வேலை செய்ய விடவில்லை, ஷட்டர் ஓரமாக விறகு அடுக்கின் மேல் உட்கார வைத்தேன். வேறோர் ஆள் விறகு போட்டார்.

மத்தியானம் வந்தது. தணலைப் பரப்பினோம். அன்றைக்குக் காற்று முந்தின நாளைவிட மோசம், கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும் போலிருந்தது. நான் கேஜுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு காற்றுக்கும் சிவப்பு இறங்கவில்லை, இன்னும் கொஞ்சம் ஏறியது. நேரான சிம்னியின் தலைக்கு மேல் காற்று ஓடினால் அது புகையை உறிஞ்சித்தான் விடும். எனக்குத் தெரிந்த விசயம்தான். இருந்தாலும் கண்ணால் பார்த்தபோது விசில் அடிக்கலாம் போலிருந்தது. மச்சான் விடுவாரா, இன்னோர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தார். புகை சரம் மாதிரி அடுப்புக்குள் ஓடியது. "இழுக்குதுங்க மாப்ள, இழுக்குது!" என்று கல்யாண வீட்டில் சொல்வது போலச் சொன்னார்.

"அம்மிணி, அவனை அனுப்பலீங்க" என்றார் முதலாளி என்னிடம் மெதுவாக. அதோடு நிற்காமல், பாய்லர்காரர் எதிரில் போய்க் கைகூப்பி, "தப்பா நெனைச்சுப்போட்டேன் சாமி" என்றார். பாய்லர்காரர் பதறி எழுந்துவிட்டார்.

முதலாளியும் மச்சானும் சாப்பிடப் போனார்கள். ஷட்டருக்கு வெளியே அந்தப் பெண் குழந்தையோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. புருசனின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சொருகவில்லை. எழுந்து நின்ற கால் தள்ளாடவில்லை. உள்ளே வந்தாள்.

"புகைதானா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நீங்க குடிக்கவே இல்ல?"

"இல்ல."

"பெறகு எதுக்குக் குடிச்சேன்னு ஒத்துக்கிட்டீய? முதலாளிகிட்ட வேலைக்குப் பயந்து ஒத்துக்கிட்டீய, சரி. எங்கிட்ட எதுக்கு?"

அவர் தணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இல்ல, இல்லன்னு சொன்ன அன்னைக்கெல்லாம் நீ சொவத்தப் பாத்துப் படுத்துக்கிட்ட. ஒரு நாள் தாங்க முடியாம ஆமான்னேன். அன்னைக்குத்தான்ளா பக்கத்துல வந்து உக்காந்து அழுத. சோறு பெசஞ்சு குடுத்த. இனிமே குடிக்காதீயன்னு தலையத் தடவி விட்ட. நெசத்தச் சொன்னா நீ திரும்பிப் பாக்கல, பொய்யச் சொன்னா பக்கத்துல வந்த. அதான் பெறகு கேட்டப்பல்லாம் ஆமான்னுட்டேன்."

அவள் குழந்தையை என் மடியில் இறக்கிவிட்டு, விறகு அடுக்கில் அவரை ஒட்டி உட்கார்ந்தாள். அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "இனிமே செய்யாததச் செஞ்சேன்னு சொன்னீயன்னா கொன்னுபோடுவேன்" என்று சொல்லி, கூரைச் சத்தத்துக்கு மேல் கேட்கிற மாதிரி அழுதாள்.